அப்பாவின் பெற்றோல் கணக்கு

அந்தப் பயணத்தில் அப்பா பெற்றோல் முள்ளைப் பார்த்த அளவுக்கு எங்கள் முகங்களைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். எழுபதுகளில், நாங்கள் ஊரைவிட்டு வந்து டூங்கபியில் குடியிருந்தபோது, ஒரு குளிர்கால விடுமுறைக்கு வடக்கே கெயின்ஸ் வரை போனோம். அப்பாவோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் கரவனை இரவல் தந்திருந்தார். காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு அது. புட்டுக்குழல் முதற்கொண்டு பாதிக் குசினியை அம்மா அதற்குள் ஏற்றிவிட்டார்.

எனக்கு அப்போது முட்டு வருத்தம். குளிர் பட்டால் இரவில் மூச்சு இழுக்கும். பூமியின் தென்பாதியில் கிடக்கும் இந்த நாட்டில் வெயில் வடக்கில் இருப்பதால், பயணமே எனக்காகத்தான். ஆனால் அப்பா போட்ட திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுமில்லை. பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆஸ்பத்திரி உள்ள ஊரில்தான் இரவு தங்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் கடற்கரையில் கூடாரம் அடித்து விளையாட, நாங்கள் ஏதோ ஒரு ஊரின் தெருவோரத்தில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். பாதி வழி நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனேன்.

அந்தத் திட்டத்தைக் குலைத்தவர் அம்மா. ஒரு சனிக்கிழமை காலை, தங்கிய ஊரிலிருந்து புறப்பட இருந்தபோது ராகு காலம் என்று மறித்துவிட்டார். ஊர் ராகுவுக்கு இந்த நாட்டு மணிக்கூடு பார்க்கத் தெரியுமோ என்று அப்பா கேட்டுப் பார்த்தார். எடுபடவில்லை.

"பிள்ளையோட போறம். கழிச்சுத்தான் வெளிக்கிடுறது," என்றார் அம்மா.

அப்பா கார்ச் சாவியைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டார்.

மத்தியானம் தாண்டி, வழியில் நம்பியிருந்த பெற்றோல் செட்டுக்குப் போனால் பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமையில் மத்தியானத்தோடு பூட்டிவிட்டால், இனித் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். எதிர்க்காற்றில் கார் வேறு பெற்றோலைக் குடித்திருந்தது. கரவனை இழுத்துக்கொண்டு ஓடினால் அடுத்த ஆஸ்பத்திரி ஊருக்கு முன்பே தீர்ந்துவிடும், கார் மட்டும் என்றால் போய்ச் சேரும் என்று அப்பா கணக்குப் பார்த்தார். இரவல் கரவனைத் தெருவில் விட்டுப் போகவும் மனம் வரவில்லை. பக்கத்தில் கடற்கரை இருந்தது.

"இஞ்சையே தங்குவம்," என்றார், குரல் இறங்கி.

எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. இருட்டும்வரை மணலில் புரண்டேன். இரவு ஒரு இழுப்பும் இல்லாமல் தூங்கினேன்.

காலையில் எழுந்தபோது அப்பாவின் படுக்கை கலையாமல் இருந்தது. வெளியே வந்தேன். காரைக் கரவனிலிருந்து கழற்றி, தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தார். சாவியைப் போட்டபடியே, காலில் சப்பாத்தோடு, சாரதி ஆசனத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பின் ஆசனத்தில் எனக்கு அளவாக ஒரு படுக்கை விரித்திருந்தது.

கெயின்ஸ் போய்த் திரும்பும்வரை எனக்கு முட்டு வரவேயில்லை. அப்பாவுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை இன்றைக்கு எந்த வார்த்தையில் சொன்னாலும் போதாது. அன்றைக்கோ நான் அம்மாவிடம் ஓடிப்போய், அப்பா கரவனுக்குள் படுக்கப் பயந்து காருக்குள் போய் ஒளிந்துகொண்டார் என்று சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. சத்தம் போடாதே என்று சைகை காட்டிவிட்டு, ஒரு போர்வையை எடுத்துப்போய் அவர்மேல் போர்த்தினார்.

இன்னும் ஒரு இரவு இங்கேதான் என்ற சந்தோஷத்தில் நான் கடலுக்கு ஓடினேன்.