மலைச் சாலையில் மட்டும் நின்ற கார்

எங்கள் கார் ஊருக்குள் நின்றதில்லை. அரக்கோணம் போய் வந்தாலும், கனகம்மாசத்திரம் தாண்டிப் போனாலும் ஒழுங்காக ஓடும். திருத்தணி மலை ஏறும் சாலையில், இரண்டாவது வளைவு தாண்டியதும் உயிரை விட்டுவிடும். நாத்திகக் கார் என்றார் என்னோடு காலையில் நடக்க வருகிற ஒருவர். நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி சிரிக்கவில்லை.

அவள் கிருத்திகை தவறாமல் மலைக்குப் போகிறவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மாதத்தில் தொடங்கியது. முழங்கால்கள் தேயும்வரை படியேறித்தான் போனாள். இனிப் படி கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு இந்தப் பழைய காரை வாங்கினேன். "ஆட்டோ போதுங்க" என்றாள். நான்தான் கேட்கவில்லை. பொறுப்பான பதவியில் இருந்து ஓய்வு பெற்றவனின் மனைவி, ஷேர் ஆட்டோவில் நாலு பேரோடு இடித்துக்கொண்டு போவதா?

பொறுப்பான பதவி என்பது ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு. கோளாறு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எந்த வரிசையில் எதைச் சோதிக்க வேண்டும், எதைச் சோதிக்காமல் எதைக் கழற்றக் கூடாது என்று முப்பது வருடம் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் எழுத வேண்டிய பதிவேடு ஒன்று உண்டு. எலி என்று எழுதியிருக்கிறேன். மழை, திருட்டு, கேபிளை வெட்டிய பக்கத்துத் துறை என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். 'பணியாளர் தவறு' என்று ஒரு காரணமும் அதில் இருந்தது. என் காலத்தில் அதை யாருக்கும் எழுதியதாக நினைவில்லை. எனக்கு எழுதியதே இல்லை.

கார் முதல் தடவை நின்றபோது, கோளாறைக் காட்டும் ஸ்கேனரைக் காரில் மாட்டிப் பார்த்தேன். கிராங்க் சென்சார் என்றது. எஞ்சின் சுற்றுகிறதா, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று காரின் கணினிக்குச் சொல்லும் சின்னப் பொருள் அது. அது பேசுவதை நிறுத்தினால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். ஸ்கேனர் சென்சாரின் பெயரைச் சொன்னால் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளில்லை, அந்த வழியில் எங்கோ பேச்சு அறுபடுகிறது என்றுதான் பொருள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் புது சென்சார் வாங்கிப் போட்டேன். அடுத்த கிருத்திகைக்கு அதே வளைவில் கார் நின்றது. எங்களுக்குப் பின்னால் சித்தூர் பக்கத்துப் பஸ் ஒன்று. "பண்டி தீயண்டி!", வண்டியை எடுங்கள் என்று தெலுங்கில் கத்திக்கொண்டே டிரைவர் ஜன்னலில் கையைத் தட்டினார். சாலையோரம் தள்ளி நிறுத்தி அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. அன்றைக்கு எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தோம்.

பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தேன். பேட்டரி, ஃபியூஸ் பார்த்தேன். சென்சாருக்கு மூன்று ஒயர்: ஒன்றில் ஐந்து வோல்ட் வரவேண்டும், ஒன்று எர்த், ஒன்று தகவல். ஐந்து வோல்ட் சரியாக வந்தது. எர்த்தில் குறை இல்லை. தகவல் ஒயர் கணினிவரை முறியாமல் போயிற்று. கனெக்டரைக் கழற்றி ஒவ்வொரு பின்னையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டேன். எல்லாம் சரி. அசையாமல் நிழலில் நிற்கும் காரில் எடுத்த அளவு அப்படித்தான் இருக்கும் என்று அந்தத் தாளில் எழுதவில்லை.

அளவில் குற்றம் கிடைக்கவில்லை என்றால் ஆளைத் தேடுவது எங்கள் துறையில் பழைய வழக்கம். எனக்கு ஆள் தயாராக இருந்தார். இந்தக் கோளாறு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் மெக்கானிக் பாய் காருக்குப் புது கிளட்ச் போட்டிருந்தார். அரக்கோணம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் அவருக்கு ஏறக்குறைய என் வயது. நான் அவரை 'வாங்க போங்க' என்றுதான் பேசுவேன், அவர் என்னை 'சார்' என்பார். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது சென்சார் ஒயரை நசுக்கியிருப்பார் என்று முடிவு செய்தேன்.

பட்டறைக்கு எதிரில் டீக்கடை. அங்கே நாலு பேர் நிற்கும்போதுதான் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மனைவி உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"ஒயரை நசுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறியே பாய்" என்றேன். அந்த 'நிக்கிறியே' என் வாயில் தானாக வந்தது.

"நான் ஒயர்ல கையே வெக்கல சார். அன்னிக்குக்கூட உங்ககிட்ட கேட்டேனே, பானெட்டுக்குள்ள ஒரு கயிறு..."

"கயிறு உன்ன கடிச்சுதா? பேச்ச மாத்தாத. உங்க ஆளுங்க கைய வெச்சாலே இப்படித்தான்."

டீக்கடையில் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். பாய் கைத்துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த 'உங்க ஆளுங்க' எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை என்று எழுதலாம். எழுதினால் பொய். மறுநாள் காலை நடையில், அந்தப் பட்டறையில் வண்டியை விடாதீர்கள் என்று மூன்று பேருக்குச் சொல்லவும் செய்தேன்.

மூன்றாவது கிருத்திகை வந்தது. "ஆட்டோல போலாங்க" என்றாள். எல்லா ஒயரையும் சோதித்துவிட்டேன், தாளில் இருக்கிறது என்றேன். அதே வளைவு. கார் ஒருமுறை உதறி நின்றது. பத்து நிமிடம் பானெட்டைத் திறந்து பார்த்தேன். திரும்பினால் அவள் இறங்கி நடந்துகொண்டிருந்தாள், ஒரு கையில் அர்ச்சனைக் கூடை, ஒரு கை சாலையோரச் சுவரில். கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஹாரன்கள். காரை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. பாதி வழியில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாளாம். பூக்காரம்மா ஒருத்தி கூடையை வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சாமிக்குச் சேர்த்திருக்கிறாள். என் மனைவி சந்நிதியைப் பார்க்காத முதல் கிருத்திகை அது. இரண்டு முழங்காலும் தேங்காய் மாதிரி வீங்கின. பதினைந்து நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

பதினாறாவது நாள் பாய் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். நான் கூப்பிடவில்லை, அவள் போன் செய்திருக்கிறாள்.

"அம்மா கூப்ட்டாங்க, வந்தேன்" என்றார், என்னைப் பார்க்காமல். அளவுத் தாளை நீட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை.

"உள்ள உக்காருங்க சார். பிரேக்க நல்லா மிதிச்சிக்கினு ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்ச்ச கொஞ்சமா விடுங்க."

"புது கிளட்ச் தேயும்."

"நான் போட்டதுதான? தேஞ்சா நானே மாத்தறேன்."

விட்டேன். எஞ்சின் முக்கியது, ஒருமுறை உதறியது, நின்றது. மலையில் நின்ற அதே விதம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள் "அதே மாதிரி" என்றாள்.

"இப்ப நான் உக்கார்றேன். நீங்க முன்னாடி வந்து பாருங்க" என்றார் பாய்.

பார்த்தேன். பாரம் ஏறும்போது எஞ்சின் இரண்டு விரல் அகலத்துக்குப் பின்னால் சாய்கிறது. எல்லா எஞ்சினும் சாயும். அதற்காகத்தான் ஒயர்களைக் கொஞ்சம் தொய்வாக விட்டிருப்பார்கள். எங்கள் காரில் அந்தத் தொய்வு இல்லை. சென்சாருக்குப் போகும் ஒயர்க்கட்டு, பாடியின் ஓர் இரும்புத் துண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது, ஒரு கறுப்புக் கயிற்றால். எஞ்சின் சாயும்போதெல்லாம் கயிறு ஒயரை இழுத்தது; சமதளத்தில் லேசாக, மலை ஏற்றத்தில் பேச்சு அறுபடும் அளவுக்கு.

அந்தக் கயிற்றைக் கட்டியவன் நான். கார் வாங்கியதும் மலையில் பூஜை போட்டோம். அவள் அங்கே கடையில் திருஷ்டிக் கயிறு வாங்கி, முன் பம்பரில் கட்டச் சொன்னாள். படித்தவன் காரில் திருஷ்டிக் கயிறு தொங்குவதை நாலு பேர் பார்ப்பதா என்று எனக்குக் கூச்சம். கட்டமாட்டேன் என்று அவளிடம் சொல்லவும் தைரியம் இல்லை. பானெட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் கட்டிவிட்டு, கட்டியாயிற்று என்றேன். இரண்டு வருட மலையேற்றத்தில் உள்ளே செம்பு ஒவ்வோர் இழையாக அறுந்திருக்கிறது. சோதனையின் முதல் படி, கருவியைத் தொடும் முன் கண்ணால் பார் என்பது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கயிற்றை விரலால் ஒதுக்கிவிட்டுத்தான் மீட்டரை வைத்தேன்.

"கிளட்ச் போடறப்பவே இதை அவுத்துக் குடுங்கன்னு கேட்டேன்" என்றார் பாய். ஸ்க்ரூடிரைவர் நுனியால் காட்டினாரே தவிர, கயிற்றின்மேல் படவில்லை. "வேலையைப் பாருங்கன்னீங்க."

"நீங்களே அறுத்திருக்கலாமே பாய்."

"சாமி கயிறு சார். பாய் அறுத்துட்டான்னு நாளைக்கு எவனாச்சும் சொல்லிக்கினு வந்தா நான் எங்க போய் நிக்கறது?" கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அப்டிச் சொல்றவர் இல்லன்னு நினைச்சிக்கினு இருந்தேன்."

நான் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு சுலபத்தில் வரவில்லை, நன்றாகத்தான் கட்டியிருந்தேன். பாய் ஒயரின் மேலுறையைக் கீறிக் காட்டினார். உள்ளே இரண்டு இழை மட்டும் மிச்சம். வெட்டி, புது ஒயர் சேர்த்து, பற்றவைத்து, தொய்வு விட்டுக் கட்டினார். அவள் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். "இன்னொரு நாள்மா" என்று போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் என் வாய்வரை வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். மறுநாள் நடையில் அந்த மூன்று பேரும் கோளாறு என்ன என்று கேட்டார்கள். "ஒயர் உள்ள கட்டாயிருந்துச்சு" என்றேன். அளவில் அது சரியான பதில்.

அன்று பாய் போனதும், கயிறு இன்னும் என் கையில் இருந்தபோது அவள் பார்த்துவிட்டாள்.

"முன்னாடி கட்டச் சொன்னேன்."

"உள்ள கட்டினாலும் அதே பலன்தான்னு..."

"வெக்கமா இருந்துச்சுன்னு சொல்லுங்க." கயிற்றை வாங்கிச் சுருட்டினாள். "டீக்கடை எதிர்ல அவர அப்டிப் பேசறதுக்கு வெக்கப்படல."

அடுத்த கிருத்திகைக்குக் காரைக் கழுவி வாசலில் நிறுத்தினேன். ஆட்டோ வந்து அதற்குப் பின்னால் நின்றது. உள்ளே ஏற்கெனவே இரண்டு பெண்கள். "கார் இப்ப நல்லா இருக்குது" என்றேன்.

"ஆங். கார் நல்லாத்தான் இருக்குது" என்றாள். கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறி, அவர்களோடு நெருக்கி உட்கார்ந்தாள்.

நான் தனியாக மலை ஏறினேன், சோதித்துப் பார்க்க என்று எனக்கே சொல்லிக்கொண்டு. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. எங்கேயும் உதறவில்லை. மேலே வண்டி நிறுத்துமிடத்தில் அவள் ஆட்டோவிலிருந்து இறங்குவது தெரிந்தது. ஒரு பெண் அவளுக்குக் கை கொடுத்தாள். நான் கண்ணாடியை இறக்கவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.