டயர் பார்க்கிற டிரைவர்

முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்குக் கடைசி இரண்டு வருடம் ஒரு பொய்தான் துணை. மணிக்கொரு தரம் வண்டியை நிறுத்தி, "டயரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் புதர் மறைவில் ஒதுங்குவார். எவ்வளவு நேரம் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் போகும்.

"மூத்திரப்பைக்குக் கீழ, குழாயைச் சுத்தி ஒரு சுரப்பி இருக்கு, புராஸ்டேட்டுன்னு. வயசானா அது வீங்கிக் குழாயை நெரிக்கும். பை முழுசாக் காலியாகாது, அதான் அடிக்கடி வருது. புற்றுநோய் இல்ல, மாத்திரை போடுங்க" என்றார் டாக்டர். மருந்துக்கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று வெட்கப்பட்டு, சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார் மனிதர்.

ஓய்வு பெறும் நாளில் டெப்போ மேனேஜர் புகழ்ந்து தள்ளினார். "டயரைக் கவனிக்கறதுல இவரை அடிச்சுக்க ஆளே கிடையாது!" முன்வரிசையில் மனைவிக்குப் பூரிப்பு.

"ஆமா சார், அண்ணன் வண்டின்னா நான் டயர் பக்கமே போறதில்ல" என்றார் மெக்கானிக்.

"எப்படிப் பாக்கறதுன்னு ஒரு தடவை காட்டுங்கண்ணே" என்று எல்லோரும் அவரை வண்டிக்கு இழுத்துப்போனார்கள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். பின்பக்க இரட்டை டயரில் உள்பக்கத்து டயர் வழவழவென்று தேய்ந்து நூல் தெரிந்தது.

தன் மானத்தைக் காப்பாற்ற, தினமும் அறுபது பேரை அதன்மேல் ஏற்றிப் போயிருக்கிறார். குனிந்தவர் நிமிரவில்லை.