மூன்றாவது சுற்று

ஜஹீருன்னிசா டீச்சரின் அலமாரியில், துணிமணிக்கு நடுவே ஒரு தேக்கு உருளை இருக்கிறது. நீளம் பன்னிரண்டு அங்குலம், குறுக்களவு நாலு. யாரையும் தொட விடமாட்டார். அதைக் கையில் எடுத்தாலே போதும், ஐம்பத்தாறாம் வருஷத்து ஆம்பூர் சாயங்காலங்கள் நினைவுக்கு வந்துவிடும். அந்த நாட்கள் இனி எங்கே வரப்போகின்றன என்று ஏங்கிப்போவார்.

அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். வேலூரில் பி.எஸ்ஸி. எழுதி, ஒரே ஒரு பேப்பரில் கோட்டை விட்டிருந்தார். அதுவும் ஒரு கேள்வியால். கனத்த உருளையை நிமிர்த்திவைத்துச் சுழற்றினால் எவ்வளவு முரண்டு பிடிக்கும், படுக்கவைத்துச் சுழற்றினால் எவ்வளவு? நிலைமத் திருப்புத்திறன் என்று புத்தகம் சொல்கிற சமாசாரம். நிமிர்ந்த உருளைக்கான சூத்திரத்தையே படுத்ததற்கும் போட்டுவிட்டு வந்திருந்தார்.

புருஷன் சத்தார், தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு மர டிரம் செய்கிற தச்சர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பெண்டாட்டிக்குப் பரீட்சை ஃபாரம் வாங்கித் தருகிறவன் என்று ஷாப்பில் கேலி செய்தார்கள். அந்த மனுஷன் காதிலேயே வாங்கவில்லை.

"செப்டம்பர்ல எழுதிடு ஜஹீரு. கண்ணால பாத்துட்டா மறக்காது," என்று டிரம்முக்குப் போக மிஞ்சிய தேக்கைக் கடைந்து கொண்டுவந்தார்.

உத்தரத்தில் கம்பி கட்டி, உருளையைத் தொங்கவிட்டு முறுக்கிவிட்டார்கள். அது இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி ஆடியது. ஜஹீருன்னிசா கடிகாரத்தைப் பார்க்க, சத்தார் தொழுதபின் எண்ணுகிற தஸ்பீஹ் மாலையின் மணியை உருட்டி ஆட்டத்தை எண்ணினார். முப்பத்து மூன்று மணிக்கு முப்பத்து மூன்று ஆட்டம். இரண்டு சுற்று உருளையை நிமிர்த்தி, மூன்றாவது சுற்று படுக்கவைத்து. கணக்குப்படி படுத்த உருளை ஆறரை மடங்கு முரண்டு பிடிக்கவேண்டும். ஓர் ஆட்டத்துக்கான நேரத்தை வர்க்கமாக்கிப் பார்த்தால் வந்ததோ கிட்டத்தட்ட ஏழு. மறுநாளும் ஏழு. அதற்கு மறுநாளும் அதே ஏழு.

ஃபாரம் அனுப்ப இன்னும் ஒரே நாள்தான் இருந்தது.

"புஸ்தகம் பொய் சொல்லாதுங்க. என் மண்டையிலதான் ஒண்ணும் ஏறல. பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்று ஃபாரத்தை மடித்துப் பெட்டிக்கடியில் போட்டுவிட்டார்.

சத்தார் அந்தி நேரத்து மஃரிப் தொழுதுவிட்டுத் தஸ்பீஹை எடுத்தார். முப்பத்து மூன்று. மறுபடி முப்பத்து மூன்று. மூன்றாவது சுற்று முடிந்தும் விரல் நிற்கவில்லை. நுனியிலிருக்கும் பெரிய மணியையும் சேர்த்துத் தள்ளியது. முப்பத்து நாலு. தொழுகிற எல்லாரும் எண்ணுவது அப்படித்தான். ஜஹீருன்னிசாவும் தினமும் அப்படித்தான் எண்ணுகிறார்.

"இன்னாங்க, உருளைக்கும் இப்டித்தான் எண்ணினீங்களா?"

"மூணாவது சுத்துக்கு முப்பத்து நாலுதானே?" என்றார் சத்தார், பச்சைக் குழந்தை மாதிரி.

ஜஹீருன்னிசா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பெரிய மணியை விட்டுவிட்டு மறுபடி எண்ணினார்கள். ஆறரை. விடிந்ததும் ஃபாரம் தபாலில் போனது.

ரிசல்ட் வந்த அன்று, பேப்பர் வரும் ரயிலுக்குக் காத்திருந்துவிட்டு ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார் சத்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே ஜஹீருன்னிசாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"உன் நம்பர் இருக்கு ஜஹீரு," என்றார் மூச்சு வாங்க. "மூணு தடவ பாத்துட்டேன். மூணாவது தடவயும் ஒண்ணு கூடல, அதே நம்பர்தான்."