முதுகு நடித்த படம்

போன ஞாயிறு மேட்னி ஷோவுக்கு ஒரு தெருவோடு சேர்ந்து போனேன்.

தெரு என்றால் முழுத் தெரு! ஞாயிறன்று அவர்கள் கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசை முடித்து, கறிச்சோறு சாப்பிட்டு, ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கினார்கள். எல்லாம் என் நண்பன் லூர்துவால் வந்தது. சங்கு குளிப்பவன். நம் கடலில் ஷூட்டிங் நடந்தபோது தண்ணீருக்குள் ஹீரோவுக்கு டூப் போட்டவன்.

படத்தில் நான் இருக்கிறேன் என்று அவன் சொல்லாத ஆள் கிடையாது. நம்பிய ஆளும் கிடையாது. ஷூட்டிங்கில் பிரியாணி தின்றுவிட்டு வந்து கதை விடுகிறான் என்றார்கள். கேலியெல்லாம் கடைசியில் போய் விழுந்தது அவன் மனைவி அமலி தலையில்தான். இன்று திரையில் அவன் தெரியாவிட்டால் குழாயடியில் அவள் எப்படி நிற்பாள்?

நிற்க... நடிப்பைப் பற்றிக் கொஞ்சம். சமீபத்தில் பார்த்த ஒரு படத்தில் ஹீரோ இடைவேளை வரை அழுதார். எனக்குக் கொட்டாவி வந்தது. இன்னொன்றில், கல்ஃபிலிருந்து மகன் பேசி முடித்ததும், அம்மாவாக வருபவர் போனைச் சேலைத் தலைப்பில் துடைத்து மேசையில் வைக்கிறார். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பு என்பது கொட்டுவதா, அடக்குவதா?

நம்ம ஊர்ப் படத்து ஹீரோ கொட்டுகிற ரகம். வாக்கியத்துக்கு ஒரு 'ஏலே'. பெற்ற தாயையும் 'ஏலே' என்கிறார் — தியேட்டரே சிரித்தது. கதைப்படி முருக பக்தர். நெற்றியில் பட்டை விபூதி. கடலில் முங்கி எழுந்தும் கரையாத விபூதி! தலை நீருக்கு மேலே வந்ததும், மூச்சு வாங்காமல், பஞ்ச் டயலாக் வேறு.

இடைவேளை வந்தது. லூர்து வரவில்லை.

அமலியின் தம்பி சேவியர் பாப்கார்னை நீட்டினான். "மச்சான், பாதிப் படம் போச்சு. எங்கன இருக்கிய? டிக்கெட் கவுண்டர்லயா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. அமலி மட்டும் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வெட்டி எறிஞ்சிருப்பானுவளோ?" என்றான் லூர்து என் காதில். பெரிய மூச்சுக்காரன், அப்போது அவனுக்கு மூச்சே வரவில்லை.

அதன் பிறகு அந்தக் காட்சி. ஹீரோ படகில் நின்று முருகனைக் கூப்பிட்டுக் குதிக்கிறார். அடுத்த ஷாட்டில் தண்ணீருக்கடியில் இருக்கிறோம். மேலே வெயில் உடைந்து உடைந்து மிதக்கிறது. பச்சை மெல்ல நீலமாகி, நீலம் மெல்ல இருட்டாகி... நடுவில், படகின் கயிற்றைப் பிடித்தபடி ஒரு முதுகு.

வெறும் முதுகு. முகம் இல்லை.

"நாந்தான்" என்றான் லூர்து.

"கிராபிக்ஸ்" என்றான் சேவியர்.

அந்த முதுகு யாருடையதாகவும் இருக்கலாம்தானே? ஆனால், கயிற்றை விடும் முன் வலது கை எழுந்தது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். பிறகு தலைகீழாக ஆழத்துக்குள் போனது உடம்பு.

சிலுவை போடாமல் அந்தத் தெருவில் ஒருவரும் கடலில் முங்குவதில்லை. ஆக்‌ஷன் என்றதும் லூர்துவின் கை பழக்கத்தில் எழுந்துவிட்டது. முருக பக்தர் சிலுவை போடுகிறார்! டைரக்டர் கவனிக்கவில்லை, எடிட்டர் கவனிக்கவில்லை. தெரு கவனித்தது.

வரிசையில் தலைகள் லூர்து பக்கம் திரும்பின. பிறகு அமலி எழுந்து நின்றாள்.

"அது எங்க வீட்டு ஆளுல்லா!"

அப்புறம் என்ன... விசில்தான். கிளைமாக்ஸில் ஹீரோ அடித்த வசனம் ஒன்றுகூட யார் காதிலும் விழவில்லை. படம் முழுக்க எல்லோரும் நடித்தார்கள். நடிப்பதை மறந்துபோன அந்தக் கை ஒன்றுதான் என்னோடு வீடு வரை வந்தது.

வெளியே வந்ததும் லூர்துவுக்குப் புதுக் கவலை. தப்பு தெரிந்தால் அந்த இடத்தை வெட்டிவிடுவார்களோ? யாரும் மூச்சு விடக் கூடாது என்று அமலி தெருவுக்கே உத்தரவு போட்டாள். நானும் ஊர் பேரோ படத்தின் பெயரோ சொல்லவில்லை, பார்த்தீர்களா?

சேவியரும் மாறிவிட்டான். டீக்கடையில் இப்போது அவன் சொல்வது இது: "தண்ணிக்கு மேல எங்க மச்சானுக்கு டூப் போட்டது அந்த ஹீரோதான்."