அப்பாவின்ர கன்ட்ரி பாட்டுகள்

அப்பாவின்ர முதலாம் வருச ஆட்டைத் திவசத்துக்குக் கல்வெட்டோடை சேத்து ஒரு பாட்டு ஆல்பமும் குடுக்கப்போறன் எண்டு நான் சொன்ன உடனை, அம்மா அகப்பையைச் சட்டிக்குள்ளை விட்டுட்டு என்னைத் திரும்பிப் பாத்தா.

“என்ன பாட்டு? தேவாரமோ?”

“இல்லையம்மா. அப்பாவின்ர கன்ட்ரி பாட்டுகள். நான் வயலினிலை வாசிக்கிறன்.”

“உனக்கென்ன விசரே?”

எங்கட வீட்டிலை முக்கியமான கதையெல்லாம் இந்தக் கேள்வியோடைதான் தொடங்கும். எனக்கும் வாய் சும்மா இராது. ஓம், விசர்தான், இந்தப் பைத்தியம் உங்களிட்டை இருந்துதான் வந்தது எண்டன். அதோடை ரெண்டு நாள் அம்மா என்னோடை கதைக்கேல்லை.

யோசிச்சுப் பாத்தால் அம்மாவின்ர பக்கத்திலையும் ஞாயம் இருந்தது. எங்கட ஆக்களிலை ஒருத்தர் செத்தால் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அடிச்சுக் குடுக்கிறது வழக்கம். அதைத்தான் கல்வெட்டு எண்டுறது. முன்பக்கத்திலை கோட் போட்ட படம், உள்ளுக்கை தேவாரம், காசு குடுத்து எழுதுவிச்ச ஒரு அழுகைக் கவிதை. முப்பத்தோராம் நாளுக்கு அதை அடிக்க எங்களிட்டைத் தெம்பு இருக்கேல்லை, ஆட்டைக்கு எண்டு தள்ளிப்போட்டம். அதுக்குள்ளை போய்க் குதிரைக்காரன்ர பாட்டைச் செருகினால் சனம் என்ன சொல்லும்? நாங்கள் இருந்த மில்லிக்கன் பக்கத்திலை அப்பாவுக்கு ஏற்கெனவே ‘கவ்போய்’ எண்டு ஒரு பட்டப்பேர் இருந்தது. “உயிரோடை இருக்கேக்கை சிரிச்சது காணாதே? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாமோ?” எண்டு அம்மா கேட்டது அதாலைதான்.

அந்தப் பட்டப்பேர் எப்பிடி வந்ததெண்டு சொல்லவேணும். அப்பா ஸ்காபரோவிலை ஒரு பாண் சுடுற ஃபக்ரரியிலை இருபத்தாறு வருசம் வேலை செய்தவர். அவர் நிண்ட லைனிலை ஒரு ரேடியோ இருந்தது. போர்க்லிஃப்ட் ஓட்டுற வெள்ளைக்காரர் ஒருத்தர், கிழக்குக் கரைப் பக்கத்து ஆள், அந்த ரேடியோவைக் கன்ட்ரி எண்டுற வெள்ளைக்காரரின்ர நாட்டுப்புறப் பாட்டுப் போடுற ஸ்ரேசனிலை இருந்து திருப்ப ஒருத்தரையும் விடமாட்டார். அப்பாவுக்கு அப்ப இங்கிலிஷ் சரியா வராது. ஆனால் அந்தப் பாட்டு மட்டும் விளங்கினதாம். “ரீவியிலை கதைக்கிற இங்கிலிஷ் ஓடுது பிள்ளை, பிடிக்கேலாது. உந்தப் பாட்டு நடந்து வருது” எண்டு சொல்லுவார். அப்பிடித்தான் அப்பா இங்கிலிஷ் படிச்சது. மழை, ரெயில், அம்மா, ஜெயில், குடிச்சுப்போட்டு அழுகிறது, எல்லாத்துக்கும் இங்கிலிஷிலை சொல்லுத் தெரியும். வங்கிக்குப் போனால்தான் தடுமாறுவார்.

எனக்கு ஆறு வயசிலை இருந்து சனிக்கிழமையிலை வயலின் வகுப்பு. மில்லிக்கனிலை இருந்து றிச்மண்ட் ஹில்லுக்கு அப்பாதான் கூட்டிக்கொண்டு போவார். வெள்ளி இரவு வேலை முடிச்சு, நித்திரையும் கொள்ளாமல், முகத்தைக் கழுவிப்போட்டுக் காரை எடுப்பார். பன்ரண்டு வருசம். ஸ்னோ கொட்டினாலும் ஒரு கிழமை விட்டதில்லை. மற்றத் தாய் தேப்பன்மார் உள்ளுக்கை வந்து ரீ குடிச்சுக்கொண்டு கதைப்பினம், இவர் மட்டும் காரிலையே இருந்து பாட்டுக் கேப்பார். போகேக்கையும் கன்ட்ரி, வரேக்கையும் கன்ட்ரி. நான் பின்சீற்றிலை பற்றரி செத்துப்போன ஹெட்ஃபோனை ஒரு வீம்புக்கு மாட்டிக்கொண்டு இருப்பன்.

ஒருநாள் சங்கராபரணம் படிச்சுப்போட்டு வந்து காரிலை ஏறினன். அப்பா ரேடியோவைக் கூட்டிப்போட்டு, “பிள்ளை, உதுவும் நீ இப்ப வாசிச்சது மாதிரித்தானே கிடக்கு?” எண்டார். வெளியிலை நிண்டு யன்னலாலை கேட்டிருக்கிறார் போல. நான் “இல்லை அப்பா” எண்டு வெட்டி விட்டன். உண்மையிலை அது அதேதான், அதே ஏழு சுரம். பத்து வயசிலை எனக்கும் அது விளங்கினது, ஆனால் ஒத்துக்கொள்ள மனம் வரேல்லை.

பதினெட்டு வயசிலை அரங்கேற்றம். அதுக்கு மூண்டு கிழமை இருக்கேக்கை, ஒரு சிவப்பு லைற்றிலை காரை நிப்பாட்டிப்போட்டு அப்பா கேட்டார். “கடைசியிலை, மங்களத்துக்கு முன்னம், என்ர பாட்டு ஒண்டு சின்னதா வாசிப்பியோ? ரெண்டு நிமிசம் காணும்.” அவர் என்னட்டைத் தனக்கெண்டு கேட்ட ஒரே விசயம் அது. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? “அப்பா, விசர்க்கதை கதைக்காதேங்கோ. ஆக்கள் சிரிப்பினம்.” அவர் “ஓம், அதுவும் சரிதான்” எண்டு சொல்லிப்போட்டுப் பாட்டைக் குறைச்சார். பிறகு பச்சை விழுந்தது, போனம். அதுக்குப் பிறகு சாகும்வரைக்கும் அவர் கேக்கேல்லை. கேக்காமல் விட்டது எனக்கு அப்ப பெரிய நிம்மதியா இருந்தது. இப்ப அதுதான் நெஞ்சிலை கிடந்து சுடுது.

போன வருசம் கார்த்திகையிலை ஒரு விடியக்காலமை நெஞ்சு நோகுது எண்டார். அம்புலன்ஸ் வந்தது. மத்தியானத்துக்கிடையிலை ஆள் இல்லை.

உடலைப் பார்வைக்கு வைச்ச அண்டைக்கு உயரமான ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து அப்பாவுக்குப் பக்கத்திலை கனநேரம் நிண்டார். அந்தப் போர்க்லிஃப்ட் மனுசன்தான். பிறகு என்னட்டை வந்து, “நீதானே வயலின் பிள்ளை?” எண்டு கேட்டுப்போட்டு ஒரு துண்டிலை நம்பர் எழுதித் தந்தார். “எப்பவாவது உன்ர அப்பாவின்ர பாட்டுகளை வாசிக்க வேணும் போலை இருந்தால் கூப்பிடு. கிற்றார் நான் வாசிக்கிறன்.” செத்தவீட்டிலை எல்லாரும் எதையாவது சொல்லத்தானே வேணும் எண்டு நினைச்சன். துண்டு ஹான்ட்பாக்குக்குள்ளை போச்சுது.

நான் இப்ப தனிய வேறை இடத்திலை இருந்துகொண்டு, பகலிலை ஒரு பல்லு டொக்டரின்ர ஒஃபிஸிலை வேலை செய்யிறன். சனி ஞாயிறிலை கலியாண மண்டபங்களிலை வயலின் வாசிக்கிறன். சித்திரை மாசம் ஒரு மண்டபத்திலை மாப்பிள்ளை வரப் பிந்திப்போச்சு. சும்மா சுருதி பாத்துக்கொண்டு இருந்தனான். பாத்தால் விரல் தன்பாட்டிலை அப்பாவின்ர பாட்டொண்டை வாசிச்சுக்கொண்டு போகுது. முதல் வரியிலை இருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு இடத்திலும் தடக்கேல்லை. நான் ஒருநாளும் பழகாத பாட்டு. பக்கத்திலை இருந்த மிருதங்கக்கார அண்ணை, “உது ஆரின்ர கீர்த்தனை தங்கச்சி?” எண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டா வந்தது. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, பன்ரண்டு வருசமாச் சனிக்கிழமையிலை எனக்கு ரெண்டு வகுப்பு நடந்திருக்கு. ஒண்டுக்கு நான் போனன். மற்றது அப்பா என்ர சம்மதம் கேக்காமலே தந்தது.

அடுத்தநாளே கிழவருக்குப் போன் எடுத்தன். என்னோடை படிச்ச ஒருத்தி வோபர்னிலை தன்ர பேஸ்மென்றிலை ஒரு சின்ன ஸ்ரூடியோ வைச்சிருக்கிறாள். சனிக்கிழமை காலமை எண்டு முடிவெடுத்தம். கிழவர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிசம் முன்னம் வந்து, சப்பாத்தைக் கழட்டி வைச்சுட்டு, கிற்றாரை எடுத்துக்கொண்டு இருந்தார். முதல் பாட்டு எனக்கு வரேல்லை. பயம். ஒவ்வொரு சுரத்தையும் நெளிச்சு வளைச்சுக்கொண்டு இருந்தன். கிழவர் கிற்றாரை நிப்பாட்டினார்.

“ஏன் பிள்ளை இப்பிடி இறுகிப்போய் நிக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமையிலை அப்பாவுக்கு வாசிக்கிற மாதிரி வாசியன்.”

எந்த ஞாயிறு எண்டு கேக்க வாய் உன்னினது. நல்லகாலம், அதுக்கு முன்னம் அவரே சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு திங்களும் சாப்பாட்டு நேரத்திலை அப்பா சொல்லுவாராம், நேற்று மகள் இந்தப் பாட்டு வாசிச்சவள், போன கிழமை அது வாசிச்சவள் எண்டு. மகள் யன்னலுக்குப் பக்கத்திலை நிண்டுதான் வாசிப்பாளாம். கடைசி வரியிலை கொஞ்சம் மெதுவாக்குவாளாம். வருசக்கணக்காச் சொல்லியிருக்கிறார். “எங்களுக்கெல்லாம் பொறாமை. என்ர பிள்ளையள் எனக்கு ஒண்டும் வாசிக்கேல்லை” எண்டு கிழவர் சிரிச்சார்.

நான் பாத்றூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதன். கோவமும் வந்தது. ஐயோ அப்பா, இவ்வளவு ஆசையெண்டால் இன்னொருக்காக் கேட்டிருக்கலாமே! நான் ஒரு சொல்லுச் சொன்னதுக்காக, இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நீங்களே உண்டாக்கி வைச்சுக்கொண்டு இருந்தீங்களோ? முகத்தைத் துடைச்சுக்கொண்டு வந்து கிழவரிட்டை, “ஓம், ஞாயிற்றுக்கிழமை மாதிரியே வாசிப்பம்” எண்டன். யன்னல் ஒண்டு அந்த பேஸ்மென்றிலை மேலை சின்னதா இருந்தது. அதுக்குக் கீழை போய் நிண்டன். கடைசி வரியிலை மெதுவாக்கினன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

பத்துப் பாட்டு, ஏழு சனிக்கிழமை. ஒரு சதமும் வேண்டாமெண்டுட்டார். நான் கட்டிக்கொண்டு போன மரக்கறி றோலை மட்டும் ஒண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். அந்த மனுசனுக்கு நான் பட்ட நன்றியை எந்தப் பாசையிலும் சொல்லி முடிக்கேலாது. எனக்குத் தெரியாத என்ர அப்பாவை எனக்குத் தந்தவர் அவர்.

அம்மாவோடை கடைசியிலை ஒரு சமாதானத்துக்கு வந்தம். சீடி அடிச்சால் இப்ப போட்டுக் கேக்க ஆரிட்டையும் ஒண்டும் இல்லை. அதாலை கல்வெட்டின்ர கடைசிப் பக்கத்திலை ஒரு கியூஆர் கோட் மட்டும் போடுறது. “பதிகத்துக்குப் பக்கத்திலை உந்தக் கறுப்புப் பெட்டியோ?” எண்டு முணுமுணுத்தா, ஆனால் விட்டுட்டா. பாட்டைக் கேக்கச் சொன்னால் மட்டும், திவசம் முடியட்டும் பாப்பம் எண்டு தட்டிக் கழிச்சா. கிழவரைத் திவசச் சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொன்னதும் அவதான். “செத்தவீட்டுக்கு வந்த மனுசன். கூப்பிடாமல் விட்டால் அது மனுசத்தனமே?”

அங்கைதான் சிக்கல். எங்கட அம்மா பொய் சொல்லாத மனுசி. பெருமைக்குச் சொல்லேல்லை, அது ஒரு கரைச்சல். ஒரு பேத்டே பார்ட்டியிலை, “கட்லட் எப்பிடி அன்ரி?” எண்டு ஆசையாக் கேட்ட பெட்டையிட்டை, “உப்பில்லை, உள்ளுக்கை வேகவும் இல்லை” எண்டு சொன்னவ. கிழவர் ஞாயிற்றுக்கிழமைக் கதையை எடுத்தால், அவ “நோ நோ” எண்டு தலையாட்டினால், அப்பா தன்ர சிநேகிதருக்கு முன்னாலை பொய்யராப் போயிடுவார். செத்த மனுசன் வந்து சமாளிக்கேலுமே? முன்கூட்டிச் சொல்லுவம் எண்டால் சிவப்பு லைற்றிலை நான் சொன்ன சொல்லையும் சேத்துச் சொல்லவேணும். வெக்கத்திலை சொல்லாமலே விட்டுட்டன்.

திவசத்தண்டு ஐயர் போனபிறகு இலை போட்டம். கிழவர் ரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கரண்டி வேண்டாமெண்டு கையாலை குழைச்சு, சொதி விரலாலை வழிய வழியச் சாப்பிட்டார். எங்கட சனம் பாத்துப் பகிடி பண்ணினாலும் அவருக்குப் பிடிச்சுப்போச்சு. அம்மா பாயாசம் கொண்டு வந்து ஊத்தேக்கை, அவர் நிமிந்து அம்மாவைப் பாத்து மெதுவாக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையிலை மகள் வாசிக்க, உங்கட மனுசன் இருந்து கேக்கிறது. அது இல்லாமல் உங்களுக்கு வெறிச்செண்டு இருக்கும், என்ன?

அம்மா பாயாசக் கிண்ணத்தோடை அப்பிடியே நிண்டா. கிழவரைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா. என்ர முகத்திலை அவவுக்கு என்ன தெரிஞ்சுதோ தெரியாது.

“யெஸ்” எண்டா. “யெஸ், யெஸ். எவ்ரி சண்டே. ஆஃப்டர் லஞ்ச்.” பிறகு கையை நீட்டி மூலையிலை கிடந்த கதிரையைக் காட்டி, “ஹி சிட் தெயார்” எண்டா.

கிழவர் திரும்பி அந்தக் கதிரையைப் பாத்தார். அவற்ரை கண் கலங்கிப்போச்சு. அதிலை இருந்த எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் ஏனெண்டு தெரியாமலே எழும்பி வேறை இடத்துக்குப் போனார்.

சனமெல்லாம் போனபிறகு அம்மா குசினியிலை பாயாசம் காய்ச்சின கிடாரத்தைக் கழுவிக்கொண்டு நிண்டா. நான் துடைச்சன். ஏச்சு விழப்போகுது எண்டு காத்துக்கொண்டு நிண்டன். அவ தண்ணிக் குழாயைப் பூட்டினா.

“அப்பா உன்னட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டவரோ?”

“ஒருக்காக் கேட்டவர் அம்மா. நான் மாட்டன் எண்டுட்டன்.”

அம்மா சீலைத் தலைப்பாலை கையைத் துடைச்சா. என்னை ஏசேல்லை.

“வாற ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு வா. வயலினையும் கொண்டு வா” எண்டா. “அதுக்கடுத்த ஞாயிறும் வா. உன்ர அப்பாவைப் பொய்யராக்கேலாது.”