மாட்டுத்தோல் பசைதான்

என் மனைவி சிவரூபிக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இருபது வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், அது பெரிய தலையிடி. கல்யாண வீட்டில் சோறு எப்படி என்று கேட்டால், குழைந்துபோச்சு என்று பெண்ணின் தாயிடமே சொல்லிவிட்டு வருவாள்.

பரந்தனில் எங்கள் வளவின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் இருந்துதான் அவள் வயலின் திருத்துகிறாள், புதிதாகவும் செய்கிறாள். மீள்குடியேறி வந்த காலத்தில் தொழிற்பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பெண்கள் தையலுக்குப் போக, இவள் தச்சு வேலைக்குப் போனாள். கதிரை செய்தாள், அலுமாரி செய்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சர் கழுத்து முறிந்த வயலின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் திறந்து பார்த்த நாளிலிருந்து, கதிரை செய்து தரச்சொல்லி வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் மரியாதை இல்லை.

வயலினை அவள் ஒட்டுவது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால். பழைய தச்சர்கள் வச்சிரம் என்பார்கள். தோல் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் சுரண்டி, கழுவிக் கழுவி, தண்ணீர் நிறைந்த பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டியை இறக்கி மெல்லிய சூட்டில் வைக்க வேண்டும். கொதிக்க விட்டால் பிடிப்புப் போய்விடும். வடித்து ஆறவிட்டுக் கட்டியானதும் வெட்டி வலையில் காயப்போடுவாள். நாற்றத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அயலிலுள்ள நாய்களெல்லாம் எங்கள் வேலியோடு வந்து படுத்துக் கிடக்கும்.

போத்தலில் கம் என்று பசை விற்கிறார்களே, ஏன் இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன்.

"கம்மால ஒட்டினா ஒட்டினதுதான். உள்ளுக்க ஒரு கட்டை விலகினா உடைச்சுத்தான் திறக்கவேணும். இது சூடு காட்டினா விட்டிடும். நான் செத்தாப் பிறகும் ஆரோ ஒராள் திறந்து திருத்தலாம்," என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

தோல் கொண்டுவந்து தருபவர் நடராசா அண்ணை. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தோல் போடுவது அவர் தொழில். மிஞ்சுகிற துண்டுகளை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவருவார். எங்கள் குசினிக்குள் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். கோயிலுக்கு மேளம் கொண்டுபோகும்போது மட்டும் வாசலில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். அது ஏன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

இந்த வருடம் பிள்ளையார் கோயில் திருவிழாவில் எங்கள் மகள் யதுர்ஷிகாவின் முதல் கச்சேரி. தாய் செய்த வயலினில் வாசிப்பதாக ஏற்பாடு. மேற்பலகை ஒரு பழைய உடைந்த வயலினில் இருந்து எடுத்தது, மற்றதெல்லாம் மலைவேம்பு. நோட்டீசில் பிள்ளையின் பெயரும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் யாரோ கிளப்பினார்கள்: மாட்டுத்தோலால் ஒட்டின சாமானைச் சாமிக்கு முன்னால் வைத்து வாசிப்பதா?

கோயில் செயலாளர் இளையதம்பி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்ட மனிதர் என்றால் வேலிப் படலையோடு திருப்பி அனுப்பியிருக்கலாம்.

"பிள்ளை, நாளைக்குக் கூட்டத்தில உம்மட்டக் கேப்பினம். கடையில வாங்கின கம் எண்டு ஒரு சொல் சொல்லும். அதுக்கு மேல ஒருத்தரும் கிண்டாமல் நான் பாத்துக்கொள்ளுறன்."

"சொல்லாட்டி?" என்று சிவரூபி கேட்டாள்.

"சொல்லாட்டிக் கச்சேரி நடக்காது."

அவர் போனதும் நான் கெஞ்சினேன். "ஒரு சொல்தானேயப்பா. பிள்ளை எத்தினை வருசமாப் பழகினது." அவள் கொட்டிலுக்குள் போய்விட்டாள். மகள் கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கோயில் மடத்தில் கூட்டம். வயலினை எதால் ஒட்டியது என்று கோயில் சபைத் தலைவர் கேட்டார். அவளை முந்திக்கொண்டு, "அது கடையில..." என்று நான் தொடங்கினேன். சிவரூபி எழும்பிவிட்டாள்.

"மாட்டுத்தோல் பசைதான். நான்தான் காய்ச்சினனான்."

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "உங்கட ஆக்கள் செய்யிற தொழிலோ இது?"

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அவள் நின்ற நிலையிலேயே திரும்பிப் பார்த்தாள். "நான் செய்யிறன்தானே. அப்ப எங்கட ஆக்கள் செய்யிற தொழில்தான்." பிறகு தலைவரிடம், "கோயில் மேளத்தில இருக்கிறது என்ன தோல்?" என்றாள்.

"அது காலங்காலமா வாறது, பிள்ளை. அது வேற."

"காலங்காலமா அந்தத் தோலைப் போட்டுத் தாற மனுசன் ஏன் இன்னும் வாசலில நிக்கிறார்?"

ஆளுக்காள் குசுகுசுத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிள்ளை அதே வயலினில் வாசிக்கலாம். ஆனால் அதை யார் செய்தது, எதால் ஒட்டியது என்ற கதை மேடையில் வரக்கூடாது. நான் சந்தோசத்தில் எழும்பிக் கும்பிட்டே விட்டேன். சிவரூபி வீடு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேற்றுப் பொய் சொல்லு எண்டவை. இண்டைக்கு வாயை மூடு எண்டினம். நீங்கள் அதுக்குக் கும்பிடுறியள்," என்றாள். பிறகு மகளிடம் சொன்னாள்: "மேடை உன்ர. வாசிக்கிறதும் விடுறதும் உன்ர விருப்பம். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

கச்சேரி மாலை வந்தது. கோயில் மண்டபம் நிறையச் சனம். நடராசா அண்ணை அன்று தோல் மாற்றிய மிருதங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிள்ளையின் வாசிப்பைக் கேட்கவென்று வாசலிலேயே நின்றார். அறிவிப்பாளர் மகளின் பெயரையும் குருவின் பெயரையும் சொல்லி முடித்தார். யதுர்ஷிகா கையை நீட்டி மைக்கை வாங்கினாள்.

"இந்த வயலினை என்ர அம்மா செய்தவா. மாட்டுத்தோல் பசையால ஒட்டினவா. தோல் தந்தது நடராசா மாமா. இந்த மிருதங்கத்துக்குத் தோல் போட்டதும் அவர்தான். அவர் வாசலில நிக்கிறார். உள்ள வந்து இருந்தாப் பிறகு தொடங்குறன்."

மைக்கை வைத்துவிட்டு, வில்லை மடியில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். தலைவர் இளையதம்பியைப் பார்த்தார். இளையதம்பி நிலத்தைப் பார்த்தார். சனம் மெல்ல இரையத் தொடங்கியது. இறங்கச் சொல்லுங்கோ என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் என் பிள்ளை அசையவில்லை.

அப்போது எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. எழும்பினேன். அத்தனை சனத்துக்கும் நடுவால் நடந்து வாசலுக்குப் போனேன். "வாங்கோ அண்ணை, பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறாள்," என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

வந்த வழியாலேயே கூட்டிவந்து, முன்வரிசையில் சிவரூபிக்குப் பக்கத்தில் அவரை இருத்தினேன். யதுர்ஷிகா வில்லை எடுத்தாள்.