அரக்கு வைத்த குகை

மல்லேஸ்வரத்தில் அணைத் திட்ட அலுவலகத்துக்குள் நிற்கிறேன். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் குகைகளை மூழ்கடிக்கப் போகும் அணை வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்கிறேன்.

பெரிய மேஜைமேல் எங்கள் பள்ளத்தாக்கையே பிளாஸ்டரில் செய்து வைத்திருக்கிறார்கள். குட்டி அணைக்குச் சந்தனம், குங்குமம், கனகாம்பரச் சரம். மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது. குகை இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பு அரக்கு, அதன்மேல் அரசாங்க முத்திரை.

"குகை எங்கே?" என்று ஓவர்சியரைக் கேட்கிறேன். இந்த நகரத்துக் கன்டோன்மென்ட் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"இருந்துச்சு சார். போன வாரம் பூஜை பண்ணி இந்த மாடல்ல தண்ணி ஊத்துனோம். மொத்தமும் அந்த ஓட்டை வழியா இறங்கி, பெரிய சாஹேப் பேண்ட்டு நனைஞ்சு போச்சு. அதான் சீல் வெச்சுட்டோம். இப்ப ஒரு சொட்டு போகாது."

"அப்ப அங்க அணை கட்டினாலும் தண்ணி நிக்காதே! இந்த அரக்கை எடுத்துட்டு அவருக்கு இன்னொரு தடவை ஊத்திக் காட்டுங்க."

"ஐயோ, ஆபீஸ் சீல் சார்! உடைச்சா என் வேலை போயிடும்."

"எங்க ஊர்க் குகைக்கு ஏதய்யா சீல்?" என்று கத்தியே விடுகிறேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. யோசிக்கிறார். மேஜையில் கிடக்கும் விரல் நீள அரக்குக் குச்சியை எடுத்துப் பார்க்கிறார்.

"குகை வாய் எவ்ளோ அகலம் சார்?"

"யானை நுழையும்."

"அடடா," என்கிறார், நிஜமான கவலையோடு. "ஸ்டோர்ஸ்ல மாசத்துக்கு ஒரு குச்சிதானே குடுக்கறாங்க."